ஃபைபர் வந்துவிட்டது, சாவி யாரிடம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திக் குழு, மத்ரஸா, பாலர் பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒரு காரியாலயத்தின் பொறுப்பில் இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கமென்ட்டில் ஏசுங்கள். ஆனால் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

காத்தான்குடியில் இருந்து பொத்துவில் வரை எங்கட ஊர்க் காரியாலயங்கள் பழைய டெலிபோன் வயர் இணைப்பைக் கைவிட்டு ஃபைபருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல விசயம். செப்பு வயரில் எக்ஸ்சேஞ்சுக்குத் தூரம் கூடக் கூட வேகம் குறையும். மழை பெய்தால் இரைச்சல், இடி இடித்தால் ரவுட்டர் அவுட். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. யாரும் இதற்கு எதிராகக் கதைக்கவில்லை.

நான் கதைப்பது இணைப்பு வந்த அந்த நாளைப் பற்றி.

கம்பனி ஆள் வருகிறார். சுவரில் ஓட்டை போடுகிறார், மெல்லிய வயரை இழுக்கிறார், ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டுகிறார். யூடியூப் ஓடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டு எல்லோரும் மாஷா அல்லாஹ் சொல்கிறோம். நன்கொடை தந்தவரை நிறுத்திப் படம் எடுத்து, ஜஸாக்கல்லாஹு ஹைரன் போட்டு, பேஸ்புக்கில் ஏற்றுகிறோம். கம்பனி ஆள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். அதோடு விசயம் முடிந்தது.

முடிந்தது கம்பனியின் வேலை. எங்கட வேலையை யாரும் தொடங்கவே இல்லை.

அந்த வெள்ளைப் பெட்டி காரியாலயத்தின் வாசற்கதவு. உள்ளே இருக்கிற கம்பியூட்டர், பிரின்டர், கெமரா எல்லாமே அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே போகின்றன, வெளியே இருந்து வருவதும் அதே வழிதான். இரும்புக் கேட்டுக்கு மூன்று பூட்டுப் போடும் நாங்கள், இந்தக் கதவின் சாவியைப் பெட்டியின் அடியில் ஒட்டியபடியே விட்டிருக்கிறோம். இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய போனுக்குள் விட்டிருக்கிறோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் இரண்டு இருக்கிறது. ஒன்று வைஃபையில் சேருவதற்கு. மற்றது ரவுட்டரின் உள்ளுக்குப் போய் செட்டிங்கை மாற்றுவதற்கு. முதலாவது வீட்டுக்குள் வர அனுமதி. இரண்டாவது வீட்டின் உறுதிப் பத்திரம். நிர்வாகத்தில் இருக்கும் அநேகருக்கு இரண்டாவது ஒன்று இருப்பதே தெரியாது. வைஃபை பாஸ்வேர்டை மட்டும் ‘முஸ்லிம்123’ என்று மாற்றிவிட்டுப் பாதுகாப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். உள்ளே போகும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அப்படியே பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கிறது. வைஃபையில் சேர்ந்த எந்தப் பொடியனும் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தால் (சில பெட்டிகளில் 192.168.100.1) அந்தக் கதவு முன்னால் நிற்பான். ‘அட்மின்’ ‘அட்மின்’ என்று அடித்துப் பார்க்க அவன் ஹேக்கராக இருக்கத் தேவையில்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016இல் ‘மிராய்’ என்ற ஒரு புரோகிராம் உலகம் முழுக்க இலட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கெமராக்களையும் பிடித்துத் தன் படையாக்கியது. அது செய்த மந்திரம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் இருந்து வந்த யூசர்நேம் பாஸ்வேர்ட் சோடிகள் சுமார் 60ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். மாற்றாதவன் கதவு திறந்தது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி அப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து அடித்த அடியில் அமெரிக்காவின் பல பகுதிகளில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் விழுந்தன. அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் 20 வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள்.

இனி, இதைச் சொன்னால் வருகிற பதில்களுக்கு வருவோம். ஊரில் எல்லா இடத்திலும் இதே நாலு பதில்தான்.

“நம்மகிட்ட என்ன இரிக்கி சேர் களவெடுக்க?”

பாடசாலைக் காரியாலயத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், சாதாரண தர, உயர்தரப் பரீட்சை விண்ணப்பங்களை ஒன்லைனில் அனுப்பும் பாடசாலைக் கணக்கு, ஆசிரியர்களின் சம்பள விபரம். எந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்ற குறிப்புக்கூட அந்தக் கம்பியூட்டரில் இருக்கும்.

பள்ளிவாசல் காரியாலயத்தில் ஸகாத் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது காசு இல்லை, மானம். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணீரோடு வந்து எழுதிக் கொடுத்த ஒரு தாயின் பெயர் அதில் இருக்கிறது. வலது கையால் கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். பட்டியலை வைத்திருக்கும் கம்பியூட்டரும், வெளியில் வைஃபை பிடிக்க மதிலில் குந்தியிருக்கும் பத்துப் போன்களும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. அந்தக் கம்பியூட்டரில் ஒரு ஃபோல்டர் ஷெயார் பண்ணப்பட்டிருந்தால் அதைத் திறந்து பார்க்கப் பெரிய படிப்பு தேவையா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவு, சுகாதாரத் தரவு, மத நம்பிக்கையைக் காட்டும் தரவு எல்லாவற்றையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப் போயிருக்கலாம். அமானிதம் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

இன்னொன்று. ஒரு காரியாலய வைஃபையில் 40 பேர் இருந்தாலும் வெளி உலகத்துக்கு அது ஒரே முகவரி. யாரோ ஒருவன் அதில் இருந்துகொண்டு ஒரு கேடு கெட்ட பதிவைப் போட்டால், தேடி வருபவருக்கு முதலில் கிடைப்பது அவனுடைய பெயர் இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பெயர். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தச் சமூகம் போனில் இருந்த படத்துக்கும் பதில் சொன்னது, அலுமாரியில் இருந்த கிதாபுக்கும் பதில் சொன்னது. அதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? யாருக்கும் திறந்து கிடக்கும் ஒரு இணைப்பைப் பள்ளிவாசலின் பெயரில் வைத்திருப்பது பெருந்தன்மை இல்லை, பொறுப்பில்லாத்தனம்.

“கம்பனிக்காரர் எல்லாம் செட் பண்ணித் தந்துட்டார்.”

அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அன்று இன்னும் எத்தனையோ வீடு. வெளிச்சம் வந்து, பெட்டியில் பச்சை பத்தி, இணையம் ஓடினால் அவருடைய கடமை முடிந்தது. உங்கட பிரின்டர் எந்த முகவரியில் இருந்தது, கைரேகை மெஷின் எங்கே பூட்டியிருக்கிறது, பழைய ரவுட்டரை என்ன செய்யப் போகிறீர்கள், மாணவர்களுக்கு வேறு வைஃபை வேண்டுமா என்று அவர் கேட்க மாட்டார். கேட்க வேண்டியவர் காரியாலயத்தில் இருக்கும் நாம். அந்த நேரத்தில் நாம் படத்துக்கு நின்றுகொண்டிருந்தோம்.

“நம்மட பொடியன் ஒருத்தன் இரிக்கான், அவன் பாப்பான்.”

இதுதான் எங்கட ஊரின் பெரிய வியாதி. ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஒரு பொடியன். சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, நன்றியும் இல்லை. இரவு பத்து மணிக்கும் போன் எடுத்து “மகன், நெட் இல்ல” என்போம். அவன் வந்து பார்த்துத் தருவான். பாஸ்வேர்ட் எல்லாம் அவன்ட தலைக்குள்ள. ஒரு நாள் அவனுக்கு கட்டார் விசா வரும். பொடியனோடு பாஸ்வேர்டும் பிளேன் ஏறிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவர் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியால் குத்துவார். கம்பனி போட்டு வைத்த செட்டிங்கும் சேர்ந்து அழிந்துபோகலாம். பிறகு கம்பனிக்கு அறிவித்து ஆள் வரும் வரை காரியாலயம் இருட்டில். விண்ணப்ப முடிவுத் திகதி நாளைக்கு என்றால் பிள்ளைகளின் கதி?

பொடியன் மீது பிழை இல்லை. ஒரு நிறுவனத்தின் சாவியை ஒரு தனி ஆளின் ஞாபகத்தில் வைத்த நிர்வாகத்தின் மீதுதான் பிழை. நிர்வாகம் மாறும்போது செக் புத்தகம், இறப்பர் சீல், சாவிக்கொத்து எல்லாம் எண்ணிக் கையெழுத்து வைத்துப் பாரம் கொடுக்கிறோம். ரவுட்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இணைப்பு இன்னும் பழைய செயலாளரின் பெயரில். பில் அவருடைய ஈமெயிலுக்கு. ஓடிபி அவருடைய போனுக்கு. புதிய நிர்வாகத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால், பெக்கேஜ் மாற்றக்கூட சமாதானப் பேச்சு நடத்த வேண்டும்.

“இதெல்லாம் பெரிய டெக்னிக்கல் சேர், நமக்கு விளங்கா.”

இந்தப் பதிலுக்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. உயர்தர ஐசிடி படிக்கும் பிள்ளை டிஎச்சிபி என்றால் என்ன, டிஎன்எஸ் என்றால் என்ன, சப்நெட் எப்படிப் பிரிப்பது என்று பரீட்சைக்கு எழுதுகிறது. அதைப் படிப்பிக்கும் ஆசிரியை அதே பாடசாலையில் இருக்கிறார். அவவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. பசாரில் போன் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டி வந்தோம். ஏன்? பொம்பிளை டீச்சருக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. படிப்பிக்கத் தெரிந்தவரை ஒதுக்கிவிட்டு, பிறகு விளங்கா என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு கூட்டம் மறு கரையில் நிற்கிறது. வைஃபை வந்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள், வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். 2020இல் பாடசாலைகளை மூடியபோது சிக்னல் தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகள் இந்த நாட்டுப் பிள்ளைகள்தான். இணைப்பை மறுப்பது தீர்வு இல்லை. பிள்ளைகளைப் பற்றி உண்மையாகவே கவலை என்றால் ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அதற்குக் கீழே 1.0.0.3 என்று போடுங்கள். கிளவுட்ஃபிளேயர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இலவச சேவை. ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவற்றையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் வாசலிலேயே நிறுத்தும். எல்லாவற்றையும் நிறுத்தாது, விபிஎன் போடத் தெரிந்தவன் தாண்டுவான், சொந்த டேட்டா வைத்திருப்பவனை அது தொடவே தொடாது. ஆனால் இரண்டு வரி அடிக்க ஐந்து நிமிடம் போதும். மிம்பரில் ஒரு மணித்தியாலம் இணையத்தின் தீமை பற்றிப் பயான். அதே பள்ளிவாசலின் ரவுட்டரில் இந்த ஐந்து நிமிட வேலை நடக்கவில்லை.

சரி, என்ன செய்வது? ஃபைபருக்கு மாறும் காரியாலயங்களுக்குச் சொல்கிறேன். ஏற்கெனவே மாறியவர்களும் இந்த வாரம் செய்யலாம்.

1. இணைப்பு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். நன்கொடையாளர் மாதாமாதம் பில் கட்டலாம். பெயர் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. காரியாலயத்துக்கென்று ஒரு தொலைபேசி இலக்கமும் ஈமெயிலும் வைத்து அதையே கொடுங்கள்.

2. பழைய இணைப்பை வெட்டுவதற்கு முன் எழுதி வையுங்கள். பிரின்டர், கெமரா ரெக்கோர்டர், கைரேகை மெஷின் இவற்றுக்கு அநேகமாக நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசை, புதுப் பெட்டி 192.168.100 வரிசை என்றால் பிரின்டர் பழைய தெருவிலேயே நிற்கும், கம்பியூட்டர்கள் புதுத் தெருவுக்குப் போய்விடும். ஒன்றுக்கொன்று கண்ணில் படாது. பிரின்டர் பழுது என்று நினைத்து புதுசு வாங்கிவிடாதீர்கள். புதுப் பெட்டியின் முகவரியைப் பழைய வரிசைக்கு மாற்றுங்கள், அல்லது பிரின்டரின் முகவரியைப் புது வரிசைக்கு மாற்றுங்கள்.

3. பழைய ரவுட்டர். டெலிபோன் வயர் குத்தும் அந்த ஓட்டையில் இனி வேலை இல்லை. ஆனால் வீசத் தேவையில்லை. மற்றக் கட்டடத்துக்கு வைஃபை கொடுக்கப் பாவிக்கலாம். அதற்கு முதலில் அதன் முகவரியை 192.168.100.2 போல புதுப் பெட்டியின் வரிசையில், வேறு யாருக்கும் கொடுக்காத ஒன்றாக மாற்றி, டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு புதுப் பெட்டியின் லேன் ஓட்டையில் இருந்து பழையதன் லேன் ஓட்டைக்கு வயர் இழுங்கள். டிஎச்சிபியை நிறுத்தாமல் குத்தினால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரே பாடசாலைக்கு இரண்டு பேர் இரண்டு நேரசூசி போட்டது போல. சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது, காரணம் யாருக்கும் விளங்காது. இப்படிப் பூட்டிய பழைய ரவுட்டர் காரியாலய வலையமைப்பின் ஒரு பகுதி. அதன் வைஃபையை ஊழியர்களுக்கு மட்டும் கொடுங்கள். யாருக்காவது கொடுத்துவிடுவதாக இருந்தால் முதலில் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

4. அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள், கம்பனி ஆள் நிற்கும்போதே. முழு அதிகாரமும் கம்பனி தராமல் இருக்கலாம். தரும் கணக்கின் பாஸ்வேர்டையாவது மாற்றுங்கள். டிஎன்எஸ் மாற்றும் இடம் பூட்டியிருந்தால் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியை நிறுத்துங்கள். வெளியில் இருந்து ரவுட்டருக்குள் வரும் வழி திறந்திருந்தால், எதற்கு என்று கேட்டு மூடுங்கள்.

5. இரண்டு வைஃபை வையுங்கள். ஒன்று காரியாலயத்துக்கு. மற்றது ‘கெஸ்ட்’ என்று பெட்டியிலேயே இருக்கும் வசதி. மாணவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் அது. கெஸ்டில் இருப்பவருக்கு இணையம் வரும், ஆனால் உங்கட கம்பியூட்டரும் பிரின்டரும் தெரியக் கூடாது. சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு போனில் சேர்ந்து பாருங்கள். ஸகாத் பட்டியலையும் பரீட்சை விண்ணப்பத்தையும் பாதுகாக்க இந்த ஒரு வேலை போதாது, ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது. அந்த பாஸ்வேர்டையும் தவணைக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

6. இடமும் கரண்டும். இரும்பு அலுமாரிக்குள் ரவுட்டரை வைத்துப் பூட்டிவிட்டு சிக்னல் இல்லை என்று சொல்லாதீர்கள். ஃபைபர் வயரை மடித்து ஆணியில் சுற்றாதீர்கள். கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வெளியே போய்விடும், பெட்டியில் சிவப்பு பத்தும். அதோடு, செப்பு வயர் டெலிபோனுக்குக் கரண்டு எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்தது. ஃபைபர் பெட்டிக்கு உங்கட சுவரில் இருந்துதான் வர வேண்டும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாடு இது. ஒரு சிறிய டிசி யூபிஎஸ் வாங்கி வையுங்கள். பெட்டி எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

7. எழுதி வையுங்கள். இணைப்பு இலக்கம், அட்மின் யூசர்நேம், பாஸ்வேர்ட், எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி, யார் எப்போது மாற்றினார். ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, கையெழுத்து வைத்து, செக் புத்தகம் இருக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போதாது, ஊர் முழுக்கவும் வேண்டாம். மாற்றம் செய்த திகதியைப் பாடசாலை என்றால் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும், பள்ளிவாசல் என்றால் கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள். அங்கே பாஸ்வேர்டை எழுத வேண்டாம், மாற்றினோம் என்பதை மட்டும்.

இதில் எதற்கும் காசு தேவையில்லை, அந்த யூபிஎஸ்ஸைத் தவிர. ஒரு பின்னேரம் போதும். உயர்தர ஐசிடி வகுப்பை அவர்களின் ஆசிரியையோடு கூப்பிட்டால் செய்து தருவார்கள், பிள்ளைகளுக்கு அது செயன்முறைப் பாடமாகவும் இருக்கும். பாஸ்வேர்டை அடிப்பது மட்டும் பொறுப்பில் இருப்பவர் கையால் நடக்கட்டும்.

ஆக, நிர்வாகத்தில் இல்லாத சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரியாணிக் கணக்கும் பெயின்ட் கணக்கும் கேட்டு முடித்த பிறகு, எழும்பி மூன்று கேள்வி கேளுங்கள்.

இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது?

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

எங்கட பிள்ளைகளின் விபரம் இருக்கும் கம்பியூட்டரும், வெளியில் இருப்பவர்கள் பாவிக்கும் வைஃபையும் வேறு வேறா?

மூன்றுக்கும் பதில் வந்தால் அல்ஹம்துலில்லாஹ், அந்த நிர்வாகத்துக்குக் கை கொடுங்கள். “பொடியன்ட கேட்டுச் சொல்றன்” என்று வந்தால் அந்தப் பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இதை வாசித்து உடனே மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு கடைசி வார்த்தை. “சேர், மாத்திட்டம், இதுதான் புது பாஸ்வேர்ட்” என்று தயவுசெய்து கமென்ட்டில் போட்டுவிடாதீர்கள்.